தேவனாம்பட்டினத்தில் சூரியன் மறைந்த கதை

மஞ்சக்குப்பம், கடலூர்
2 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கை இளவரசிக்கு, உன் அண்ணன் தட்சிணாமூர்த்தி எழுதிக்கொள்வது.

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவதை யாரும் நம்பப்போவதில்லை. நீ நம்பமாட்டாய். மாப்பிள்ளை ராஜ்கமல் நம்பமாட்டார். என் கையெழுத்தைக் கண்டாலே தலைவணங்கும் பத்திர ஆபீஸ் வாசல் வேப்பமரம்கூட நம்பாது. ஆனாலும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறேன். உன் நாவலை நான் இரண்டாம் தடவை படித்தேன். முழுக்க. யாரும் என்னைத் தூணில் கட்டி வைக்கவில்லை.

போன மாதம் 13ஆம் தேதி சிதம்பரத்தில் உன் முதல் நாவலான 'சிந்துஜாவுக்கு ஒரு டிக்கெட்' வெளியீட்டு விழாவில், வாழ்த்துரை வழங்க அழைக்கப்பட்ட நான், அந்தப் புத்தகத்தை நாற்பது நிமிடம் கிழித்துத் தோரணம் கட்டினேன் என்பது நாடறிந்த செய்தி. சபை விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவரின் பல்செட்டு கழன்று மைக் வரைக்கும் வந்தது. மறுநாளே நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். ஆகவே மறுபரிசீலனை செய்வது என் கடமையாயிற்று.

செய்துவிட்டேன். முடிவு இது: மேடையில் நான் உன் புத்தகத்தின் மீது அளவுக்கு மீறி இரக்கம் காட்டிவிட்டேன்.

கடலூரில் பஸ் ஏறுகிற சிந்துஜாவும் அன்பரசும் புதுச்சத்திரம் வந்து சேர்வதற்கு அறுபத்தாறு பக்கம் ஆகிறது. அதற்குள் நான் வடலூருக்கு நடந்தே போய்ச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, நடந்தே திரும்பிவிடுவேன். உன் கதாநாயகன் அன்பரசு எதற்கெடுத்தாலும் சிரிக்கிறான். டிக்கெட் கிழித்தால் சிரிக்கிறான். டயர் பஞ்சரானால் சிரிக்கிறான். எங்கள் தெருவில் ஒருத்தன் இப்படிச் சிரித்தால் வீட்டார் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். சிந்துஜாவுக்கோ எந்நேரமும் வெட்கம். கன்னம் சிவக்கிறது, காது சிவக்கிறது, ஓரிடத்தில் முழங்கையே சிவக்கிறது. முழங்கை சிவந்தால் தோல் டாக்டரிடம் காட்ட வேண்டும், அன்பரசிடம் காட்டக் கூடாது.

இனிப்பைப் பற்றிக் கேட்காதே. பெண்ணாடம் சர்க்கரை ஆலை ஒரு பருவம் முழுக்க ஓடினாலும் இவ்வளவு வராது. புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய் வருவதற்குள் எறும்புகள் ஊர்வலமாக வந்து நிற்கின்றன. மேளம் ஒன்றுதான் பாக்கி.

எல்லாவற்றையும் மன்னிப்பேன். பக்கம் 71ஐ மன்னிக்கமாட்டேன். தேவனாம்பட்டினம் கடற்கரை. இருவரும் சுண்டல் தின்கிறார்கள். 'செக்கச்சிவந்த சூரியன் மெல்ல மெல்லக் கடலுக்குள் இறங்கியது' என்று எழுதியிருக்கிறாய். எந்தக் கடலுக்குள்? கடலூரில் பிறந்தவள், எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள், சாயங்கால சூரியனை வங்காள விரிகுடாவில் இறக்குகிறாய்! அப்படியானால் காலையில் அது எங்கிருந்து கிளம்பும்? நெய்வேலி சுரங்கத்திலிருந்தா?

மற்றபடி அட்டை நன்றாக இருக்கிறது.

31ஆம் தேதி திருவதிகை கோயிலில் என் மருமகள் அறிவுமதிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி தயார். பிளாக்கை எடு.

அன்புள்ள அண்ணன்,
தட்சிணாமூர்த்தி


சிதம்பரம்
6 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. பிளாக்கை எடுக்கமாட்டேன். போனில் உங்கள் குரல் கேட்டால் இரண்டாவது நிமிடம் சிரித்துவிடுவேன். நான் சிரித்துவிட்டால் நீங்கள் ஜெயித்த மாதிரி. சின்ன வயசிலிருந்து இதுதான் நடக்கிறது. தாளில் உங்களால் குரல் மாற்றிப் பேச முடியாது. அதனால் தாளே இருக்கட்டும்.

அந்த ஹாலில் எங்கள் ஸ்டாஃப் ரூம் முழுக்க உட்கார்ந்திருந்தது. மறுநாள் காலை பிரேயர் முடிந்ததும் கணக்கு வாத்தியார் ஆரோக்கியராஜ் என் பக்கத்தில் வந்து, "டீச்சர், இன்னிக்கு சூரியன் எந்தப் பக்கமா எறங்குது? ஊட்டுல துணி காயப்போடணும்" என்றார். எட்டாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "மிஸ், பாடப்புத்தகம் தப்பா, ஒங்க புத்தகம் தப்பா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, அடுத்த நாவலுக்கு எழுதிக்கொண்டிருந்த நோட்டை எடுத்துப் பரண்மேல் எறிந்தேன்.

நீங்கள் சொல்கிற குறையெல்லாம் இருக்கும். நான் என்ன காவியமா எழுதினேன்? ஃப்ரீ பீரியடில் உட்கார்ந்து எழுதினேன். பஸ்ஸில் போகிறவர்கள் இறங்குகிற வரைக்கும் படித்துச் சிரிக்கட்டும் என்று எழுதினேன். அது சிரிப்புக்கதை. அதை எழுதினவளைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைக்க உங்களைக் கூப்பிடவில்லை.

காதுகுத்து விஷயம். மடிக்கு ஆள் பார்த்தாகிவிட்டது. வடலூர் செந்தமிழ்செல்வன் அண்ணன். பெரியப்பா மகன் என்றாலும் அவரும் மாமன் முறைதான். கேட்டேன். "அதுக்கென்னம்மா, வந்துடுறேன்" என்றார். நீங்களும் அண்ணியும் வாருங்கள், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

சூரியன் கடலில் இறங்கியது தப்புதான். ஆனால் அந்தத் தப்பு என்னுடையது இல்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இளவரசி


கடலூர்
9 ஆகஸ்ட் 2025

இளவரசிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் மஞ்சக்குப்பமே ஒரு நிமிடம் நின்றுபோனது. மைதானத்தில் கிரிக்கெட் ஆடிய பையன்கள் மட்டையைக் கீழே போட்டார்கள். உன் அண்ணி முத்தம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "என்னாங்க, யாருக்கு என்னா ஆச்சி?" என்றாள். "என் மடி போச்சி" என்றேன்.

செந்தமிழ்செல்வனா! அவன் மடியில் அவன் செல்போனுக்கே இடம் பற்றாது. குழந்தை வீறிட்டு அழும்போது ஆசாரியைப் பார்த்து, "ஒரு செகண்டு, லைட்டிங் சரியில்ல, திரும்ப ஒருவாட்டி குத்துங்க" என்பான். கூடப்பிறந்தவன் நான், உயிரோடு, ஐம்பது வருடம் பழுக்காமல் கிழியாமல் காத்த மடியோடு இருக்கிறேன். எனக்குப் பந்தியில் இலையா? சிதம்பர ரகசியத்தைக்கூடத் திரையை விலக்கிக் காட்டுகிறார்கள். இந்த அநியாயத்துக்கு விளக்கம் சொல்ல ஒருவருமில்லை.

புத்தகத்தின் மீது எனக்குக் கூடுதலாகச் சில புகார்கள் சேர்ந்திருக்கின்றன. காதலர்கள் பேசி முடிக்கட்டும் என்று ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டில் டிரைவர் பஸ்ஸை அரை மணி நேரம் நிறுத்தி வைக்கிறார். ரயிலும் காத்திருக்கிறது! கண்டக்டர் கொளஞ்சி காதலுக்காக விசில் ஊதுகிறார். பெண்ணின் அப்பா பன்னிரண்டு நாய் வளர்க்கிறார், பன்னிரண்டும் அன்பரசைக் கண்டு வாலாட்டுகின்றன. இதை உன் அண்ணி மூன்று தடவை படித்துவிட்டு, "கொளஞ்சி நல்ல மனுசங்க" என்கிறாள். வீட்டுக்குள்ளேயே எதிரி.

இனி சூரியன். அது உன் தப்பு இல்லை என்றால் வேறு யார் தப்பு? அச்சுக்கோத்தவன் தலையில் கட்டாதே. இப்படி ஒரு பொய்யைச் சொல்ல அசாத்தியமான நெஞ்சழுத்தம் வேண்டும். எவனோ ஒரு மகா புளுகன் சொல்லி நீ நம்பி எழுதியிருந்தால் அவன் பெயரைச் சொல். முத்திரைத்தாளிலேயே நோட்டீஸ் அனுப்புகிறேன்.

மடியிழந்த அண்ணன்,
தட்சிணாமூர்த்தி


சிதம்பரம்
13 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

அந்த மகா புளுகனின் பெயர் தட்சிணாமூர்த்தி. பத்திர எழுத்தர், மஞ்சக்குப்பம். நோட்டீஸ் அனுப்புங்கள்.

2003 ஜனவரி. எனக்குப் பத்தாம் வகுப்பு. மஞ்சள் காமாலை வந்து இருபத்தொரு நாள் படுத்திருந்தேன். கீழாநெல்லியும் உப்பில்லாத மோர்சாதமும். நீங்கள் அப்போது சிதம்பரத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தீர்கள். தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவீர்கள். ஆறு மணிக்கு வந்து, கையில் சாப்பாட்டுத் தூக்கு இருக்கும்போதே என் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வீர்கள். ஏழு நாற்பது பஸ்ஸில் வருகிற ஒரு பெண்ணுக்கும் உங்களுக்கும் காதல் என்று தினம் ஒரு கதை. கண்டக்டர் கொளஞ்சி அந்தக் கதையில் வந்தவர். ஆலப்பாக்கம் கேட்டில் பஸ் நின்றதும், ரயில் காத்திருந்ததும், பன்னிரண்டு நாயும் நீங்கள் சொன்னவை.

ஒரு நாள் சொன்னீர்கள். "இன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் தேவனாம்பட்டினம் போனோம் பாப்பா. எங்களப் பாத்துட்டு சூரியன் வெக்கப்பட்டுகினு மேற்கால போவாம கெழக்கால கடல்லயே எறங்கிடிச்சி." நான் சிரித்த சிரிப்பில் மோர்சாதம் மூக்கில் ஏறிவிட்டது.

எழுதும்போது அந்த வரி தானாக வந்தது. அது எந்தத் திசை என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அறிவியல் டீச்சருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்குள்ளே அது பூகோளமாக இல்லை, அந்த ஸ்டூலில் நீங்கள் உட்கார்ந்திருந்ததாகத்தான் இருந்தது.

அந்தப் புத்தகத்தில் நான் சொந்தமாகப் போட்டது கடைசியில் வருகிற கல்யாணம் ஒன்றுதான். நீங்கள் சொன்ன கதைக்கு முடிவு இல்லை. இருபத்தொரு நாளில் எனக்கு உடம்பு சரியாகிவிட்டது, நீங்களும் நிறுத்திவிட்டீர்கள்.

முதல் பக்கத்தில் 'படுக்கையில் கிடந்தவளைச் சிரிக்க வைத்தவருக்கு' என்று சமர்ப்பணம் போட்டிருக்கிறேன். படித்தீர்களா? மேடையில் நீங்கள் கிழித்தது உங்கள் கதையை. தெரியாமல் செய்தீர்களா, தெரிந்தே செய்தீர்களா?

இளவரசி


கடலூர்
17 ஆகஸ்ட் 2025

இளவரசிக்கு,

குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என் தரப்பைக் கேள்.

காமாலைக்காரிக்குச் சொன்ன பொய் அது. கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்த மாதிரி அதையும் அரைத்துக் கொடுத்தேன். நோயாளி எழுந்து உட்கார்ந்ததும் மருந்தைக் கொட்டிவிட வேண்டும். நீ இருபத்திரண்டு வருடம் புட்டியில் அடைத்து வைத்து, அட்டை போட்டு, ஊரைக் கூட்டி வெளியிட்டிருக்கிறாய். கெட்டுப்போகாமல் என்ன செய்யும்?

அதில் ஒரு சொட்டும் நிஜம் கிடையாது. பெண் கிடையாது. கொளஞ்சி கிடையாது. ஏழு நாற்பது பஸ்ஸே கிடையாது. அந்தக் காலத்தில் கடலூர் இருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். அந்தப் பெண்ணின் பெயரை நான் திங்கட்கிழமை சிந்துஜா என்றேன், புதன்கிழமை ரோஸ்மேரி என்றேன், வெள்ளிக்கிழமை உனக்கு மறந்திருக்கும் என்று சின்னம்மாள் என்றேன். ஆள் இருந்தால்தானே பெயர் நிலைக்கும்?

எனக்கு உன் புத்தகம் பிடிக்காததற்குக் காரணமே வேறு. நாய், ரயில், சூரியன் எல்லாம் பொய். அவை ஒழுங்கான பொய்கள், நானே செய்தவை, உத்தரவாதம் உண்டு. உன் அன்பரசு நாலாவது நாளே அவளிடம் போய், "ஜன்னல கொஞ்சம் ஏத்தி உடட்டுங்களா?" என்று வாயைத் திறந்து பேசிவிடுகிறான். அங்கேதான் புத்தகம் நாசமாகிறது. எவன் பேசுவான்? பின்படிக்கட்டில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவனுக்கு நாக்கு எவ்வளவு கனக்கும் என்று உனக்கு என்ன தெரியும்? நாலு நாளா? ஆறு மாதம் ஆகும். ஆறு மாதம் ஆகி, அதுவும்

இதெல்லாம் பொதுவாகச் சொல்வது.

மடியைப் பற்றி மறுபரிசீலனை செய். நான் உன் புத்தகத்தை இரண்டு தடவை செய்தேனே.

தட்சிணாமூர்த்தி


சிதம்பரம்
21 ஆகஸ்ட் 2025

அண்ணா,

நீங்கள் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்து உங்கள் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. அந்த வரியை நான் பத்து தடவை படித்தேன். இவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "மச்சான் மாட்டிக்கினாரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோபம் போய்விட்டது. இப்போது பயமாக இருக்கிறது. விளையாட்டுக் கதை என்று நினைத்து நான் எழுதினது உங்களுக்கு உண்மையிலேயே நடந்ததாக இருந்தால், அதற்கு ஒரு கல்யாணத்தையும் வைத்துக் கடையில் அடுக்கிவிட்டேன். உங்களையே கூப்பிட்டு மேடையில் உட்கார வைத்து வாழ்த்தவும் சொன்னேன். அப்படியென்றால் கோபப்பட வேண்டியவர் நீங்கள்.

அதனால் கேட்கிறேன். எது நிஜம்? நாய், ரயில், கொளஞ்சி ஒன்றும் வேண்டாம். ஒன்றே ஒன்று எழுதுங்கள், நேராக எழுதுங்கள். எழுதினால் மடி உங்களுடையது. செந்தமிழ்செல்வன் அண்ணனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். அவருக்கு வீடியோ எடுக்கத்தான் ஆசை. எதுவுமே நிஜமில்லை என்றாலும் அதையும் அப்படியே எழுதிவிடுங்கள். ஆனால் இன்னொரு கதை விட்டால் நான் கண்டுபிடித்துவிடுவேன். அப்புறம் பந்திதான்.

28ஆம் தேதிக்குள் கைக்குக் கிடைக்க வேண்டும். மதி இப்போதே காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "மாமா ஊதி உடுமா?" என்று கேட்கிறாள். எந்த மாமா என்று நான் சொல்லவில்லை.

இளவரசி


கடலூர்
25 ஆகஸ்ட் 2025

கடலூர், மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் தட்சிணாமூர்த்தியாகிய நான், சிதம்பரத்தில் வசிக்கும் என் தங்கை இளவரசிக்கு, நல்ல நினைவோடும் சுயபுத்தியோடும், மடி பறிபோகும் என்ற மிரட்டல் நீங்கலாக வேறு யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதிக்கொடுப்பது என்னவென்றால்:

முதலில் தீர்ப்பு. மூன்றாம் தடவையும் படித்தேன். மோசம்தான். முழங்கை இன்னும் சிவந்துதான் இருக்கிறது, அன்பரசு இன்னும் பஞ்சருக்குச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான். எதிர்காலச் சந்ததிகள் இதை மண்ணைத் தோண்டி எடுத்தால் இதுதான் சர்க்கரை நோயின் தோற்றுவாய் என்று கல்வெட்டு வைப்பார்கள்.

சமர்ப்பணப் பக்கத்தை விழாவுக்கு முந்தின வாரமே பார்த்துவிட்டேன். கதையையும் அடையாளம் கண்டுகொண்டேன். தெரிந்தேதான் செய்தேன். 'இது எங்க அண்ணன் கதை' என்று நீ மைக்கில் சொல்லிவிடுவாயோ என்று பயம். சபையைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தால் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள் என்று முந்திக்கொண்டேன். நிறுத்தினால் நீ பேசுவாய் என்று நாற்பது நிமிடம் நிறுத்தவில்லை. உன் ஸ்டாஃப் ரூம் அங்கே உட்கார்ந்திருப்பதை நினைக்கவே இல்லை. அது என் தப்பு. ஆரோக்கியராஜ் வாத்தியாரிடம் சூரியனை இறக்கியவன் நான்தான் என்று சொல், துணி காயாவிட்டால் என்னிடம் வரட்டும். அந்த நோட்டைப் பரணிலிருந்து எடு. அடுத்த புத்தகத்தையும் கிழிப்பேன், உன் வீட்டுக் கூடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு.

நாய் பொய். ரயில் பொய். கொளஞ்சி பொய். அந்தப் பெண்ணோடு நான் தேவனாம்பட்டினம் போனதில்லை, சூரியன் நிரபராதி. அவள் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. இதை உன் அண்ணியிடம் நேற்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இம்மாம் பயந்த மனுசன் என்னிய பொண்ணு பாக்க வந்தப்ப மட்டும் அம்மாம் பேச்சி பேசுனீங்களே" என்றாள்.

31ஆம் தேதி காலை ஏழு மணிக்குத் திருவதிகை வாசலில் நிற்பேன். வேட்டி புதுசு. ஊதிவிடுகிற மாமா நான்தான் என்று மருமகளிடம் சொல்லிவிடு.

இனி நீ கேட்டது.

ஆறு மாதம் ஏழு நாற்பது பஸ்ஸில் பின்படிக்கட்டில் நின்று போனேன். மார்கழியில் ஒரு நாள் அவள் பக்கத்து இடம் காலியானது. தொழில் பழக்கம், நான்கெல்லை சொல்லிவிடுகிறேன். கிழக்கே அவளும் ஜன்னலும், மேற்கே நடக்கிற வழி, வடக்கே மீன் கூடையோடு ஒரு அம்மா, தெற்கே முன்சீட்டுக் கம்பி. இதற்குட்பட்டு ஒரு ஆள் உட்காரக்கூடிய இடம். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "ஒக்காருங்க" என்றாள்.

"இல்லீங்க, நான் எறங்கணும்" என்றேன்.

சொன்னதால் இறங்க வேண்டியதாயிற்று. புதுச்சத்திரம். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பஸ் போனது. மறுநாளிலிருந்து எட்டேகால் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். அடுத்த வாரம் உனக்குக் காமாலை வந்தது.

அந்தக் கதையில் இது ஒன்று மட்டும் நிஜம். இதை உனக்கு நான் சொல்லவே இல்லை.

தட்சிணாமூர்த்தி